எச்.பி.எஃப். மறுபடி எழுமா? பிலிம் பூசும் வித்தையிலிருந்து ஒரு பதில்

ஊட்டியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா இந்து நகர் எச்.பி.எஃப். (இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்) ஆலையில் கோட்டிங், அதாவது பிலிம் பூசும் பிரிவில் வேலை பார்த்தவர். "அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரமே திவாலாகி மறுபடி எழுந்துவிட்டதாமே, எங்கள் இந்து நகர் எழாதா? அந்த இடமே ராசியில்லை என்று இங்கே சிலர் சொல்கிறார்கள்."

ராசியை முதலில் ஒதுக்கிவிடுவோம். பிலிம் தயாரிக்கக் குளிர்ச்சியும் தூசியில்லாத காற்றும் நல்ல தண்ணீரும் வேண்டும். மூன்றும் ஊட்டியில் இருந்தன. 1960-ல் மத்திய அரசு இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. 1967-ல் உற்பத்தி ஆரம்பித்தது. பக்கத்திலேயே சாண்டிநல்லாவில் எலும்பிலிருந்து ஜெலட்டின் எடுக்கும் ஆலையும் பின்னால் வந்தது. 'இந்து' முத்திரையோடு கறுப்பு வெள்ளை பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் நாடெங்கும் போயின. அப்புறம் கலர் பிலிம் வெளிநாட்டிலிருந்து வந்து குவிந்தது. பாலியஸ்டர் தாளில் எக்ஸ்ரே பிலிம் செய்யும் திட்டத்துக்கு வாங்கிய கடன் ஏறியது, டிஜிட்டல் வந்தது. 1990-களின் நடுவில் நலிந்த நிறுவனம் என்று அறிவித்தார்கள். 2014-ல் மிச்சமிருந்த தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுக்க மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. இதில் ராசிக்கு எங்கே இடம்?

டெட்ராய்ட் கதை வேறு, அது கார் ஊர். 1950-ல் 18 லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த ஊர், 2013-ல் சுமார் 1,800 கோடி டாலர் கடனோடு திவாலானபோது ஏழு லட்சத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. நீதிமன்றம் கடனில் பெரும் பங்கைக் கழித்தது. மக்கள்தொகை சரிவு நின்று லேசாக ஏறியதே 2023-ல்தான். இந்து நகருக்கு ஒப்பிட வேண்டிய ஊர்கள் பிலிம் ஊர்கள். அவற்றில் எது பிழைத்தது, எது விழுந்தது என்று புரிய வேண்டுமானால், வாசகியின் அப்பா செய்த வேலை என்ன என்று பார்க்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த தொழில்நுட்பம் அது.

பிலிமில் வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்கள் இருக்கின்றன, ஒளி பட்டால் அவை மாறுகின்றன, இது பள்ளியில் படித்ததுதான். கடினமான வேலை அந்தப் படிகங்களைப் பரப்புவது. வெதுவெதுப்பான ஜெலட்டின் கரைசலில் அவற்றைக் கலந்து, ஒரு மீட்டருக்கும் அகலமான தெளிந்த பிளாஸ்டிக் தாளின் மேல் எங்கும் ஒரே தடிமனில் பூச வேண்டும். கலர் பிலிம் என்றால் ஒன்றின் மேல் ஒன்றாகப் பத்துக்கும் மேற்பட்ட அடுக்குகள். எல்லாம் காய்ந்த பிறகு மொத்தத் தடிமன் தலைமுடியின் விட்டத்தில் பாதிகூட இராது.

ஒவ்வோர் அடுக்காகப் பூசிக் காயவைத்தால் விடிந்துவிடும். கோடாக் நிறுவனத்தார் 1956-ல் காப்புரிமை பெற்ற வழி என்ன தெரியுமா? சரிவாக நிறுத்திய வழவழப்பான ஓர் எஃகுப் பலகை. அதன் குறுக்கே மேலிருந்து கீழாக மெல்லிய பிளவுகள். ஒவ்வொரு பிளவிலிருந்தும் ஓர் அடுக்குக்கான திரவம் கசிகிறது. மேல் பிளவின் திரவம் சரிந்து வரும்போது கீழ்ப் பிளவின் திரவம் அதற்கு அடியில் புகுந்துகொள்கிறது. இப்படி அத்தனை அடுக்குகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு சரிந்து இறங்குகின்றன. பலகையின் விளிம்புக்கும், உருளையைச் சுற்றி ஓடும் தாளுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளி. அதைத் திரவம் ஒரு பாலம்போலத் தாண்டி, அடுக்கு வரிசை மாறாமல் தாளில் ஒட்டிக்கொள்கிறது. பாலம் அறுந்துவிடாமலிருக்க அதன் அடியில் லேசாகக் காற்றை உறிஞ்சி வைப்பார்கள்.

எல்லாமே ஜெலட்டின் கலந்த தண்ணீர்தானே, ஒன்றோடொன்று கலந்துவிடாதா? படலம் மெலிது, திரவம் பிசுபிசுப்பானது. அதனால் ஓட்டத்தில் சுழிப்பே வராது. சுழிப்பில்லாமல் கலப்பதென்றால் துகள்கள் தாமாக நகர்ந்து அடுத்த அடுக்குக்குப் போக வேண்டும். அதற்கு நேரம் வேண்டும், அந்த நேரத்தைத்தான் கொடுப்பதில்லை. பூசிய சில நொடிகளில் தாள் குளிர்ந்த அறைக்குள் போகிறது. சூட்டில் தனித்தனியாக அலைந்த ஜெலட்டின் இழைகள் குளிர்ந்ததும் மும்மூன்றாக முறுக்கிக்கொண்டு வலையாகின்றன. அடுக்குகள் இருந்த இடத்திலேயே உறைந்துவிடுகின்றன.

தோசை ஊற்றும்போது தடிமன் கைப்பக்குவத்தில் இருக்கிறது. இங்கே தடிமனைப் பம்பு தீர்மானிக்கிறது. ஒரு மீட்டர் அகலத் தாள் நிமிடத்துக்கு 100 மீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். பம்பு நிமிடத்துக்கு ஒரு லிட்டர் தருகிறது. ஒரு லிட்டர் 100 சதுர மீட்டரில் பரவினால் ஈரத் தடிமன் சரியாக 10 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. தாள் ஓடும் வேகம் மாறாதவரை, திரவத்தின் பிசுபிசுப்பு சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் சராசரித் தடிமன் மாறாது. ஆனால் ஒரு தூசி பிளவில் மாட்டினால் கிலோமீட்டர் கணக்கில் கோடு விழும். ஒரு காற்றுக்குமிழி வந்தாலும் புள்ளி விழும். இதையெல்லாம் இருட்டில் நின்று, பம்பின் சத்தத்தையும் மீட்டர்களையும் கவனித்தே கண்டுபிடிக்க வேண்டும். அந்த அப்பாக்களுக்குத் தெரிந்திருந்தது இதுதான்.

இப்போது ஊர்களுக்கு வருவோம். ஜப்பானில் பியூஜியின் ஆலை இருக்கும் ஊர் மினாமி அசிகரா. பிலிம் விற்பனை 2000-க்குப் பிறகு சரிந்தபோது, தங்களுக்குத் தெரிந்தது புகைப்படம் மட்டுமல்ல, மெல்லிய படலம் பூசுவதும்தான் என்று பியூஜி கண்டுகொண்டது. பிலிமுக்கு அடித்தாளாக இருந்த அதே அசிடேட் தாள், எல்சிடி திரைகளில் ஒளியை வடிகட்டும் படலத்துக்குப் பாதுகாப்பாகப் போனது. அதன் மேல் திரவப் படிகம் பூசி, பக்கவாட்டிலிருந்தும் திரை தெளிவாகத் தெரியச் செய்யும் தாளை 1990-களிலேயே விற்கத் தொடங்கியிருந்தார்கள். ஜெலட்டினை அறிந்தவர்கள் கொலாஜனையும் அறிந்தவர்கள். அந்த அறிவு 2007-ல் முகப்பூச்சாகக் கடைக்கு வந்தது.

ஜெர்மனியின் வோல்ஃபன் இன்னொரு விதம். 1936-ல் அக்ஃபா நிறுவனத்தின் கலர் பிலிம் பிறந்த ஊர். 1990-ல் இரு ஜெர்மனிகளும் ஒன்றான பிறகு ஆலை சரிந்தது, மக்கள் போனார்கள், ஆளில்லாத அடுக்குமாடிகளை இடித்தார்கள். பக்கத்துத் தால்ஹைமில் 1999-ல் தொடங்கிய கியூசெல்ஸ் நிறுவனம் சூரிய மின்கல உற்பத்தியில் உலக முதலிடம் வரை போனது. 2012-ல் அதுவும் திவாலாகி, கொரிய நிறுவனத்தின் கைக்கு வந்தது. உற்பத்தி மலேசியாவுக்குப் போனாலும் ஆராய்ச்சிக்கூடம் அங்கேயே நின்றது. ஊர் பழைய அளவுக்கு வரவில்லை, ஆனால் சாகவும் இல்லை.

நம்மிடம் ஏன் இது நடக்கவில்லை? என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: பொதுத்துறை ஆலைகளில் இயந்திரத்துக்குக் கடன் வாங்குகிறோம், அதை ஓட்டுபவரின் அறிவை வளர்க்கும் ஆராய்ச்சிக்குக் காசு ஒதுக்குவதில்லை. அதே ஊட்டியில் முத்தொரையில் 1970-ல் இயங்கத் தொடங்கிய ரேடியோ தொலைநோக்கி இன்றும் ஓடுகிறது. அங்கே கருவிகளை மாற்றி மாற்றி மேம்படுத்தும் ஆராய்ச்சியாளர்கள் எப்போதும் இருந்தார்கள்.

சரி, இந்து நகர்? பழைய ஆலை பழையபடி எழாது. தூசியில்லாத காற்றுக்கு இன்று மலையேற வேண்டியதில்லை, வடிகட்டிகள் சமவெளியிலேயே அதைத் தருகின்றன. மலைப்பாதையில் லாரிச் செலவும் கழிவுநீர்ப் பிரச்சினையும் மட்டுமே மிச்சம். ஆனால் லித்தியம் பேட்டரிக்கு உலோகத் தகட்டின் மேல் கரிக்குழம்பு பூசுகிறார்களே, அங்கும் பிளவு, பம்பு, அதே கணக்குதான். இருட்டறைகூடத் தேவையில்லை. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் மின்வாகனத் தொழில் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதற்கு ஆள் பழக்கும் சிறிய கோட்டிங் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றை இந்து நகரில் வைக்கலாம். பெரிய ஆலை வேண்டாம், மலைக்கும் பாரமில்லை. வோல்ஃபன் பக்கத்தில் நிலைத்தது ஆராய்ச்சிக்கூடம்தான் என்பதால் இதை நம்பிச் சொல்கிறேன். 1967-ல் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இப்போது எழுபதுகளின் கடைசியில் இருக்கிறார்கள். கோடு ஏன் விழுந்தது, குமிழி எங்கிருந்து வந்தது என்பதை அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யும் வேலையைக் கட்டடம் வரும் வரை தள்ளிப்போடக் கூடாது. வாசகியே தன் அப்பாவிடமிருந்து ஆரம்பிக்கலாம்.