பிஎச்.டி. நடுவே குழந்தை பிறந்தால்: 240 நாள் விடுப்பும் அதில் மாட்டிக்கொள்ளும் இடங்களும்

"நீங்க ஸ்டூடன்ட்தானே, உங்களுக்கு ஏது மெட்டர்னிட்டி லீவு?" ஆய்வகத்தில் பிஎச்.டி. செய்யும் பெண் விடுப்புக் கேட்டுப் போனால் பல்கலைக்கழக அலுவலக செக்ஷனில் முதலில் காதில் விழுவது இதுதான். சொல்பவருக்கு விதி தெரியவில்லை என்று அர்த்தம். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 நவம்பர் 7 அன்று அறிவித்த பிஎச்.டி. ஒழுங்குமுறைகளில், படிப்புக் காலம் பற்றிய 4-ஆவது பிரிவிலேயே இது இருக்கிறது: ஆய்வுக் காலம் முழுவதற்கும் சேர்த்து 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பு.

விண்ணப்பத்தில் எந்த விதியை எழுதுகிறீர்கள் என்பதில் பாதிக் காரியம் முடிந்துவிடும். பலர் மகப்பேறு நலச் சட்டத்தையும் அதன் 26 வாரத்தையும் எழுதுகிறார்கள். அந்தச் சட்டமும், 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் சம்பளத்துக்கு வேலை செய்பவர்களுக்கானவை. "இவர் ஊழியர் இல்லை" என்று ஒரே வரியில் கோப்பு திரும்பி வந்துவிடும். யுஜிசி ஒழுங்குமுறையின் பெயர், ஆண்டு, பிரிவு மூன்றையும் எழுதுங்கள். 240 நாள் என்பது 26 வாரத்தைவிட அதிகம் என்பதையும் மறக்க வேண்டாம்.

விதியில் உள்ள சொல் "வழங்கலாம்" என்பது. "வழங்க வேண்டும்" என்று இல்லை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் எல்லா இழுத்தடிப்பும் நடக்கிறது. அதனால் உங்கள் பல்கலைக்கழகத்தின் சொந்த பிஎச்.டி. விதிப் புத்தகத்தில் இந்த 240 நாள் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று முதலில் தேடி, அந்தப் பக்கத்தின் நகலை விண்ணப்பத்தோடு இணையுங்கள். யுஜிசி விதியை மட்டும் காட்டினால் "எங்களுக்கு இன்னும் சர்க்குலர் வரவில்லை" என்பார்கள். பல்கலைக்கழகமே அச்சிட்ட பக்கத்தைக் காட்டினால் அப்படிச் சொல்ல முடியாது.

இன்னொரு குழி, பழைய படிவம். 2016 ஒழுங்குமுறையில் இந்த விடுப்பு "ஒரு முறை" என்று இருந்தது. 2022-இல் அந்தச் சொல் இல்லை. மொத்தம் 240 நாள் என்பதுதான் வரம்பு. அதாவது முதல் குழந்தைக்கு 150 நாள் எடுத்திருந்தால் மீதி 90 நாளைப் பிறகு கேட்க வழி இருக்கிறது. ஆனால் 2022 நவம்பர் 7-க்கு முன் பதிவு செய்தவர்களுக்குப் பழைய விதிதான். நீங்கள் எந்தப் பக்கம் என்பதைப் பதிவு ஆணையின் தேதி சொல்லும். புதிய விதிக்காரருக்குப் பழைய படிவத்தை நீட்டினால் "ஒரு முறை மட்டும்" என்ற வரியில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அதிகம் பேர் ஏமாறுவது காலக் கணக்கில். பிஎச்.டி.க்கு அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் 2. பெண்களுக்கு அதற்கு மேலும் 2, ஆக மொத்தம் 10 ஆண்டு வரை. காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் எதுவும் தானாக வராது. 240 நாள் விடுப்பு இந்த 6 ஆண்டில் சேராது என்று ஒழுங்குமுறையில் எங்கும் சொல்லவில்லை. பல்கலைக்கழகம் கழித்துத் தந்தால்தான் உண்டு. ஆகவே விடுப்பு ஆணையில் தொடங்கும் நாள், முடியும் நாள், பதிவுக் காலம் முடியும் தேதி மூன்றும் இருக்கட்டும். 6-ஆவது ஆண்டு முடிய ஆறு மாதம் இருக்கும்போதே மறுபதிவுக்கு எழுதுங்கள். தேதி தாண்டிவிட்டால் "பதிவு காலாவதி, புதிதாகச் சேருங்கள்" என்பார்கள். ஆறு வருட உழைப்பு அந்த ஒரு வரியில் போய்விடும்.

பணம் தனிக் கதை. யுஜிசியின் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) மொத்தம் 5 ஆண்டுதான். பதிவுக் காலம் நீண்டதால் உதவித்தொகைக் காலம் நீளாது. மாதாமாதம் உங்கள் நிறுவனம் கனரா வங்கியின் போர்ட்டலில் உறுதி செய்தால்தான் தொகை வரும். நீங்கள் ஆய்வகத்தில் கண்ணில் படாததால் அந்த மாதத்தை விட்டுவிடுகிறார்கள். போர்ட்டலில் உறுதி செய்பவருக்கு விடுப்பு ஆணையின் நகலைக் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். கைடின் (ஆய்வு நெறியாளரின்) புராஜெக்டில் சம்பளம் வாங்குபவர்கள் புராஜெக்ட் முடியும் தேதியைப் பார்த்து விடுப்பைக் கணக்கிடுங்கள். உங்கள் விடுப்புக்காக அந்தத் தேதி நகராது.

கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகிறவர்களுக்கும் ஒரு விதி உண்டு: ஆய்வுத் தரவுகளைப் புதிய நிறுவனத்துக்கு எடுத்துச் செல்ல அனுமதிக்க வேண்டும். இங்கே சொல் "வேண்டும்"தான். ஆனால் கூடவே ஒரு நிபந்தனை: பழைய நிறுவனத்துக்கோ கைடுக்கோ நிதி நிறுவனம் வழங்கிய புராஜெக்டைச் சேர்ந்த ஆய்வாக இருக்கக் கூடாது. அறிவியல், பொறியியல் ஆய்வகங்கள் பெரும்பாலும் புராஜெக்ட் பணத்தில்தான் ஓடுகின்றன. இந்த விதி யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே அதிகம் உதவாமல் போவது இப்படித்தான். சேரும்போதே உங்கள் தலைப்பு எந்தப் புராஜெக்டிலும் சேராது என்று கைடிடம் எழுதி வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள். கிளம்பும் நேரத்தில் கேட்டால் கிடைப்பது கடினம்.

புதிய இடத்தில் கைடிடம் காலியிடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பேராசிரியருக்கு 8, இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4 பேர்தான் வரம்பு. ஓய்வுக்கு 3 ஆண்டுக்குள் இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்க முடியாது. வாயால் "வாங்கம்மா, பார்த்துக்கலாம்" என்று சொன்னதை நம்பிப் பழைய பதிவை ரத்து செய்துவிடாதீர்கள்.

விண்ணப்பத்தைப் பிரசவத் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே, எதிர்பார்க்கும் தேதி எழுதிய மருத்துவச் சான்றோடு கொடுங்கள். செக்ஷன் மேசையில் வைத்துவிட்டு வராதீர்கள். தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் இன்வர்ட் எண்ணும் (கடிதம் வந்ததாகப் பதிவாகும் எண்) வாங்குங்கள். விடுப்பில் இருக்கும்போது ஆறு மாத முன்னேற்ற அறிக்கையும் ஆண்டுக் கட்டணமும் எப்படி என்று அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது அபராதம் காத்திருக்கும். ஒரு மாதமாகியும் பதில் வராவிட்டால், அரசுப் பல்கலைக்கழகமென்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, "இன்வர்ட் எண் இன்னதன் கோப்பு இன்று யார் மேசையில், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது" என்று மட்டும் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பெரும்பாலும் அதற்கு முன்பே கோப்பு நகர்ந்துவிடும்.