லின்பேக்கைக் கடைசியில் ஓட்டுங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கல்லூரி ஆய்வகங்களில் பழைய கணினிகள் நான்கை ஒரு கிகாபிட் சுவிட்சில் இணைத்துக் ஒரே கணினிபோல் சேர்ந்து வேலை செய்யும் கிளஸ்டர் கட்டிப் பார்ப்பது நல்ல பயிற்சி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குள் கடவுச்சொல் கேட்காமல் எஸ்எஸ்எச் வழியே போய், கணினிகள் செய்தி பரிமாறி ஒரே கணக்கைப் போட உதவும் ஓபன் எம்பிஐ ஓடிவிட்டால், மாணவர்கள் கை நேரே லின்பேக்குக்குத்தான் போகும். பெரிய சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்க வைத்துக் கணக்கு வேகத்தை அளக்கும் சோதனை அது. உலகின் அதிவேகக் கணினிகளின் டாப்500 பட்டியல் 1993 முதல் லின்பேக் தரும் எண்ணை வைத்தே தரவரிசை போடுவதால் ஆசை வருவது இயல்பு. ஆனால் எண் குறைவாக வந்தால், கோளாறு எங்கே என்று லின்பேக் சொல்லாது.

முதலில் ஒவ்வொரு நோடிலும் (கிளஸ்டரில் உள்ள கணினி) தனித்தனியாக ஸ்ட்ரீம் என்ற சோதனை நிரலை ஓட்டி நினைவக வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரி நான்கில் ஒன்று மட்டும் பாதி வேகம் காட்டினால் பெட்டியைத் திறந்து பாருங்கள். இரண்டு 8 ஜிபி ரேமுக்குப் பதிலாக ஒரே 16 ஜிபி ரேம் செருகியிருக்கும், அல்லது ஸ்லாட் மாறியிருக்கும்.

அடுத்தது நெட்வொர்க். பெரும்பாலும் வம்பு இங்கேதான். நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 கொண்டு இரண்டிரண்டு நோடாக, இரு திசையிலும் அளக்கவும். நல்ல கிகாபிட் இணைப்பில் 940 மெகாபிட் அளவுக்கு வரும். 94 வந்தால் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது என்று பொருள். கிகாபிட்டுக்குக் கேபிளின் எட்டுக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு நான்கே போதும். கேபிள் முனையில் கனெக்டரை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங்கில் மற்ற நான்கில் ஒரு கம்பி சரியாகப் பிடிக்காவிட்டாலும் விளக்கு எரியும், பிங் போகும், யாருக்கும் சந்தேகம் வராது. ஈத்டூல் கட்டளை காட்டும் இணைப்பு வேகத்தைப் பார்த்துவிட்டு கனெக்டரை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்யுங்கள். டாக்கர் (நிரல்களைத் தனித்தனிக் கொள்கலன்களில் ஓட்டும் மென்பொருள்) நிறுவிய கணினிகளில் எம்பிஐ சில சமயம் அதன் மெய்நிகர் இடைமுகத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கும். எந்த நெட்வொர்க் இடைமுகம் என்பதை எம்பிஐக்கு நீங்களே சொல்லிவிடுங்கள்.

இனி லின்பேக். அதையும் முதலில் ஒரே நோடில். அது தீர்க்கும் அணியின் (மேட்ரிக்ஸ்) அளவான ‘என்’ (N), மொத்த நினைவகத்தில் 80 சதவீதத்தை நிரப்ப வேண்டும்: ஓர் எண்ணுக்கு 8 பைட் என்பதால் அந்த பைட்டுகளை 8-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்து, பிளாக் (அணியைப் பிரிக்கும் துண்டு) அளவின் மடங்காகக் குறையுங்கள். பிளாக் 192 என்றால் 16 ஜிபி நோடுக்கு 41,280. அதுபோல் நான்குக்கு 82,752. பேராசைப்பட்டு என்-ஐ ஏற்றினால் ரேம் போதாமல் வட்டை நினைவகமாக்கும் ஸ்வாப்பில் விழுந்து ஓட்டம் முடியவே முடியாது. பிராசஸ்களை வரிசை × நிரலாக அடுக்கும் கட்டத்தைச் சதுரமாக வைக்கச் சொல்வார்கள். ஈத்தர்நெட்டில் 4×4-ஐவிட 2×8 தட்டையாக வைப்பது பல நேரம் நன்றாக ஓடும். இரண்டையும் ஓட்டிப் பாருங்கள்.

கோருக்கு ஒரு எம்பிஐ பிராசஸ் கொடுத்தால் லின்பேக்குக்கு அணிக் கணக்கைப் போட்டுத்தரும் ஓபன்பிளாஸ் நூலகத்தின் திரெட் எண்ணிக்கை 1-ஆக இருக்க வேண்டும். இல்லையென்றால் 4 கோரில் 16 திரெட் முட்டி மோதும்.

கோட்பாட்டளவில் உச்சம்: நான்கு நோடின் 16 கோர் × 3 கிகாஹெர்ட்ஸ் × ஒரு துடிப்புக்கு 16 கணக்கு = 768 கிகாஃப்ளாப்ஸ், அதாவது வினாடிக்கு 768 நூறு கோடி கணக்குகள் (ஒரே துடிப்பில் பல கணக்குப் போடும் ஏவிஎக்ஸ்2, எஃப்எம்ஏ கட்டளைகள் உள்ள சிப்). கிகாபிட்டை வைத்துக்கொண்டு அதைத் தொட முடியாது. ஒற்றை நோடில் வந்ததை நான்கால் பெருக்கி, அதோடு ஒப்பிடுவதே நியாயம்.

சித்திரை வெயிலில், ஏசி நின்ற அறையில் எடுத்த எண்ணை நம்ப வேண்டாம். அடுத்தடுத்து இருமுறை ஓட்டுங்கள். இரண்டாவது குறைந்தால் டர்போஸ்டாட்டில் கடிகார வேகம் இறங்குவது தெரியும். ஒரு நோடு சூடேறிச் சுணங்கினாலும் மற்ற மூன்றும் அதற்காகக் காத்து நிற்கும்.

முடிவில், விடை சரியா என்று லின்பேக்கே பார்க்கும் எச்சச் சோதனை ‘பாஸ்டு’ என்று வந்ததா என்று பார்க்கவும். ‘ஃபெயில்டு’ வந்தால் எத்தனை கிகாஃப்ளாப்ஸ் காட்டினாலும் செல்லாது. மெம்டெஸ்ட்டை இரவு முழுக்க ஓட்டி ரேமைச் சோதியுங்கள்.