18, 30, 50, 60: ‘ஓஏபி பணம்’ எந்த வயதில் யாருக்கு?

மாதத் தொடக்கத்தில் எங்கள் தெருமுனைத் திண்ணையில் வங்கி முகவர் கைமெஷினோடு வந்து உட்கார்ந்தால் ஐந்தாறு பேர் கூடிவிடுவார்கள். விரல் வைத்துப் பணம் வாங்கும் அவர்களில் இரண்டு பேருக்குத்தான் அறுபது தாண்டியிருக்கும். ஒருத்திக்கு இருபத்தெட்டுகூட இருக்காது. கணவர் விபத்தில் போய்விட்டார். இன்னொருவர் அண்ணன் வீட்டு மாடியில் தனியாக இருப்பவர், கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் ஊர் வாயில் எல்லாமே ‘ஓஏபி பணம்’தான், அதாவது முதியோர் உதவித்தொகை.

உண்மையில் இவை வெவ்வேறு திட்டங்கள். தமிழக வருவாய்த் துறை நடத்தும் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியங்கள் என்று பொதுப்பெயர். முதியோருக்கானது 1962-இல் தொடங்கியது. ஆதரவற்ற விதவைகளுக்கானது 1975-இலும், கணவரால் கைவிடப்பட்டவர்களுக்கானது 1986-இலும், திருமணமாகாத ஏழைப் பெண்களுக்கானது 2008-இலும் வந்தன. தொகை எல்லோருக்கும் ஒன்றுதான்: மாதம் 1,000 ரூபாயாக இருந்தது 2023 ஆகஸ்ட் முதல் 1,200 ஆனது. (மாற்றுத்திறனாளிகளுக்கு விதிமுறை வேறு, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

வயது எல்லைகளைப் பாருங்கள். விதவைக்கு 18 போதும், மறுமணம் செய்திருக்கக் கூடாது. கைவிடப்பட்டவருக்கு 30. திருமணமாகாதவருக்கு 50. ஆணோ பெண்ணோ, முதியோர் என்றால் 60. ஒரு பெண் எந்த வயதில் யாரோடு இருப்பாள், யார் சோறு போடுவார்கள் என்று அரசு போட்டுவைத்திருக்கும் கணக்கு இதில் அப்படியே தெரிகிறது. ஐம்பதுக்குள் எப்படியும் கல்யாணம் ஆகிவிடும், அதுவரை அப்பாவோ அண்ணனோ பார்த்துக்கொள்வார்கள் என்ற கணக்கு! ஆணுக்கு இந்த நடுப்படிகள் எதுவும் இல்லை. மனைவி போனாலும் அறுபது வரை அவன் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள 40 வயது கடந்த விதவைகளும் 60 கடந்த முதியோரும் ஒன்றிய அரசின் இந்திரா காந்தி ஓய்வூதியக் கணக்கில் வருவார்கள். முதியோருக்கு 79 வயது வரை 200 ரூபாயும், 80-இலிருந்து 500 ரூபாயும் டெல்லியின் பங்கு. மீதியை மாநிலம் போடுகிறது. இது அரசுகளுக்குள் உள்ள கணக்கு. கைக்கு வருவது மாறாது.

அதிகம் அலையவிடுவது கைவிடப்பட்டோர் திட்டம். சட்டப்படி விவாகரத்து ஆகியிருந்தால் தீர்ப்பு நகல் போதும். கணவன் சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்தால், பிரிந்து குறைந்தது 5 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். இல்லாத ஒருவரை இல்லை என்று எப்படி நிரூபிப்பது? ரேஷன் கார்டில் இன்னமும் அவர்தான் குடும்பத் தலைவராகச் சிரித்துக்கொண்டிருப்பார். அதனால் முதலில் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, தாசில்தாரிடமிருந்து ‘கணவரால் கைவிடப்பட்டவர்’ சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். காவல் நிலையத்தில் கொடுத்த புகார் ரசீது, ஜீவனாம்ச வழக்கு நகல் என்று தேதி போட்ட எந்தத் தாளையும் தூக்கிப் போடாதீர்கள். ஐந்து ஆண்டு எப்போது தொடங்கியது என்று காட்ட அதுதான் கையிலிருக்கும் ஆதாரம். இருபத்தாறு வயதில் கணவன் விட்டுப்போனவளுக்கு முப்பது தாண்டும் வரை இந்தத் திட்டத்தில் இடமே இல்லை. இந்த வரம்பை எப்போதோ தளர்த்தியிருக்க வேண்டும் என்பேன்.

எல்லாத் திட்டத்துக்கும் பொதுவான நிபந்தனை ‘ஆதரவற்றவர்’ என்பது. அசையாச் சொத்து 1 லட்சம் ரூபாய் மதிப்பைத் தாண்டக் கூடாது. இதைவிட விசாரணையின்போது விஏஓ சாதாரணமாகக் கேட்கும் ஒரு கேள்வியில்தான் பல மனுக்கள் கவிழ்கின்றன: “சாப்பாடு எங்கம்மா?” எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி, “பெரியவன் வீட்டுல மூணு மாசம், சின்னவன் வீட்டுல மூணு மாசம் சாமி” என்று உள்ளதைச் சொன்னார். ‘மகன்கள் ஆதரவில் உள்ளார்’ என்று அறிக்கை போய்விட்டது. சின்னவன் வீட்டில் அவருக்குக் கிடைப்பது ராத்திரி மிஞ்சிய சோறு என்பதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பொய் சொல்லச் சொல்லவில்லை. தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறீர்களா, மருந்துச் செலவு யார் பார்க்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மனுவிலும் எழுதுங்கள்.

மகளிர் உரிமைத்தொகையோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. அது 21 வயது நிறைந்த குடும்பத் தலைவிக்கு, ஒரு ரேஷன் கார்டுக்கு ஒருவர். ஓய்வூதியம் ஆளுக்கானது. ஒரே பெண் இரண்டையும் வாங்க முடியாது. ஆனால் மாமியார் முதியோர் ஓய்வூதியம் வாங்குகிறார் என்பதற்காக அதே கார்டில் உள்ள மருமகள் விண்ணப்பிக்காமல் இருக்க வேண்டியதில்லை. மற்றத் தகுதிகள் இருந்தால் போதும்.

பணம் தவிர, ஓய்வூதியதாரருக்கு மாதம் 4 கிலோ அரிசி உண்டு. சத்துணவு மையத்தில் சாப்பிடுபவர் என்றால் 2 கிலோ. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி அல்லது சேலை.

விண்ணப்பம் இ-சேவை வழியாக, வட்ட அலுவலகத்தில் உள்ள சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தாருக்குப் போகும். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், புகைப்படம் இவற்றோடு கணவரின் இறப்புச் சான்று போன்ற உங்கள் வகைக்கான தாளையும் இணைக்க வேண்டும். தள்ளுபடி ஆனால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் அந்தத் தாளை இணைத்து மறுபடி மனு கொடுக்கலாம். கொடுத்ததும் மனு எண் உள்ள ரசீதை வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள்.