டிஸ்சார்ஜுக்குப் பிறகு தேவைப்படும் பணம்

மருத்துவ சமூகப் பணியாளராக நான் உட்கார்ந்திருக்கும் மேசைக்கு, காப்பீடு இல்லாத நோயாளிகளின் உறவினர்கள் பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள்தான் வருகிறார்கள். எஸ்டிமேட்டில் உள்ள அந்த ஒரு தொகையைப் புரட்டிவிட்டால் ஆளைக் காப்பாற்றிவிடலாம் என்ற நம்பிக்கையில், தெரிந்தவர்கள் எல்லோரிடமும் அன்றே கேட்டுவிடுகிறார்கள். பல நேரங்களில் பணமும் எப்படியோ சேர்ந்துவிடுகிறது. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

உயரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டு, இரண்டு கால்களும் செயலிழந்த ஒருவருடைய தம்பி, டிஸ்சார்ஜாகி ஆறு வாரம் கழித்து என்னிடம் மீண்டும் வந்தார். கணக்கு நோட்டைத் திறந்து காட்டினார். முதல் மூன்று பக்கங்களில் பணம் கொடுத்தவர்களின் பெயர்கள் இடைவெளியில்லாமல் எழுதப்பட்டிருந்தன. நான்காம் பக்கத்தில் இரண்டே பெயர்கள். அதன் பிறகு வெறும் தாள். உதவிக்கு வைத்திருந்த ஆளை நிறுத்திவிட்டு, அம்மாவிடம் அண்ணனை விட்டுவிட்டு இவர் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார். அந்த அம்மாவால் மகனைத் தனியாகப் புரட்டிப் படுக்க வைக்க முடியவில்லை. கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார்: குதிகாலில் காசு அளவுக்குத் தோல் கறுத்திருந்தது. "எல்லார்கிட்டயும் ஒரு தடவை கேட்டாச்சு மேடம். இனி எந்த முகத்தோட போய் நிக்கிறது?" என்றார்.

அது படுக்கைப் புண். முதுகுத்தண்டு அடிபட்டவர்களின் உயிரைப் பறித்தது ஒரு காலத்தில் பெரும்பாலும் அந்தக் காயமல்ல. அதைத் தொடர்ந்து வந்த படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் இவர்களுக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன், 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். பிழைக்கமாட்டார்கள் என்று கைவிடப்பட்டிருந்த நிலையில் இருந்தவர்கள் பிழைத்ததோடு, பலர் வேலைக்கும் திரும்பினார்கள். விலை உயர்ந்த கருவியைவிட, தவறாமல் வந்து புரட்டும் இரண்டு கைகள் அங்கே பெரிதாக இருந்தன. அந்தக் கைகளுக்கான செலவு எந்த எஸ்டிமேட்டிலும் வருவதில்லை என்பதால்தான், உறவினர்கள் அதை யாரிடமும் கேட்பதும் இல்லை.

எனவே முதல் முறை கேட்கும்போதே இரண்டு தொகைகளைச் சொல்லுங்கள் என்று நான் வற்புறுத்துகிறேன்: மருத்துவமனைக்குக் கட்ட வேண்டியது ஒன்று, வீடு திரும்பிய பின் ஆறு மாதங்களுக்கு ஆகக்கூடியது மற்றொன்று. டிஸ்சார்ஜுக்கு முன்பே மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்ட்டிடமும் செவிலியரிடமும் உட்கார்ந்து பேசி, வாரத்துக்கு எத்தனை முறை பிசியோதெரபி, எத்தனை டிரெஸ்ஸிங், எந்த மெத்தை, சிறுநீர்க் குழாய் எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், மறுபரிசோதனைக்குப் போய்வர என்ன வண்டி என்று எழுதி வாங்குங்கள். பார்த்துக்கொள்பவர் வேலையை விடுவதால் இழக்கும் வருமானத்தையும் கூச்சப்படாமல் அதில் சேருங்கள். கட்டில், மெத்தை போன்றவை வாடகைக்குக் கிடைத்தால் வாங்க வேண்டாம். பெரிய தொகை தர முடியாதவர்களிடம், மாதாமாதம் சிறிது தர முடியுமா என்று கேளுங்கள். நீண்ட பராமரிப்பைத் தாங்குவது அந்தச் சிறு தொகைகள்தான்.

ஊரெல்லாம் கேட்பதற்கு முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அடிபட்டவரிடம் காப்பீடு இல்லை என்பதால் எங்குமே காப்பீடு இல்லை என்று ஆகிவிடாது. மோதிய வாகனத்துக்கு இருக்கலாம். வேலையிடத்தில் நடந்த விபத்தென்றால் முதலாளிக்கு இழப்பீட்டுப் பொறுப்பு இருக்கலாம். கையில் கொஞ்சம் பணத்தைத் திணித்து, இனி எந்த உரிமையும் கோரமாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சட்டம் தெரிந்த ஒருவரைக் கேட்காமல் எதிலும் கையெழுத்திடாதீர்கள். புகாரையும் தள்ளிப்போடாதீர்கள், ஏனெனில் உரிமை கோருவதற்குக் காலக்கெடு உண்டு. பில்லில் சலுகையோ தவணையோ கேட்பதாக இருந்தாலும் டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்பது நல்லது.

இணையத் தளத்தில் நிதி திரட்டினால் கட்டணம் எவ்வளவு, பணம் கைக்கு வர எத்தனை நாளாகும் என்பதை முதலில் படித்துவிடுங்கள். மருத்துவ அறிக்கைகளைப் பகிரும்போது முகவரியையும் அடையாள எண்களையும் மறைத்துவிடுங்கள். மற்றவர்களின் துயரத்தைத் திருடித் தங்கள் கணக்குக்குப் பணம் கேட்பவர்களும் இருக்கிறார்கள். பணத்துக்குத் தனிக் கணக்கு வையுங்கள். வரவு செலவைக் குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவரும் பார்க்கட்டும்.

படம் போடுவதற்கு முன் நோயாளியைக் கேளுங்கள். நினைவோடு இருப்பவரிடம்கூட யாரும் கேட்பதில்லை என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்தத் தம்பி வீட்டுக்குப் போய் அண்ணனைக் கேட்டபோது, "என் முகம் வேண்டாம், நான் கம்பியைப் பிடிச்சு எழுந்து உட்கார்றதைப் போடு" என்று அவர் சொன்னாராம். கையும் கம்பியும் மட்டும் தெரிந்த அந்தப் படத்தோடு, மாதச் செலவுப் பட்டியலையும் சேர்த்து, முன்பு கொடுத்தவர்களுக்கே மறுபடி எழுதினார்கள். சிலர் பதிலளிக்கவில்லை. மற்றவர்களுக்கு ஒவ்வொரு மாத முடிவிலும் கணக்கு போகிறது. கடைசியாக எனக்குக் காட்டியதில், உதவியாளர் சம்பளத்துக்கும் பிசியோதெரபிக்கும் கீழே அண்ணனே தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: குதிகால் புண் பாதி ஆறியிருக்கிறது, டிரெஸ்ஸிங் செலவு அடுத்த மாதமும் இருக்கும்.