ஒரே சிப், வேறு வேறு பெட்டி: கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன்

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய வருகிறவர்கள் கிராபிக்ஸ் கார்டு (திரையில் வரும் படங்களை உருவாக்கும் கார்டு) பற்றி என்னிடம் அதிகம் கேட்பது, "ஆசூஸ் நல்லதா, எம்எஸ்ஐ நல்லதா, ஜோட்டாக் வாங்கலாமா?" என்றுதான். என்விடியா என்ற கம்பெனியின் சிப் உள்ள கார்டு என்றால் மூன்றுக்குள்ளும் இருப்பது அதே சிப். கார்டு கம்பெனிகள் அதை வாங்கித் தங்கள் போர்டில் பொருத்தி, ஹீட் சிங்க்கும் (சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகப் பகுதி) ஃபேனும் வைத்து விற்கின்றன.

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060ஐ எடுத்துக்கொள்ளுங்கள். யாருடைய பெட்டியைத் திறந்தாலும் 3072 கோர் (கணக்குப் போடும் சிறு பகுதிகள்), 8 ஜிபி மெமரி, 128 பிட் பஸ் (சிப்புக்கும் மெமரிக்கும் இடையிலான பாதை)தான். என்விடியா வகுத்த பூஸ்ட் வேகம் (வேலை கூடும்போது சிப் எட்டும் வேகம்) 2460 மெகாஹெர்ட்ஸ். 'ஓசி' (ஓவர்கிளாக், அதாவது வேகம் கூட்டியது) என்று அச்சிட்ட மாடல்களில் அது கொஞ்சம் கூடும். கேமில் நொடிக்கு 60 ஃபிரேம் (படம்) வந்த இடத்தில் 61, 62 வரும், கண்ணுக்குத் தெரியாது. இதற்காகப் பிள்ளைகள் அப்பாவிடம் அடம்பிடித்துச் சில ஆயிரம் கூடுதலாகக் கொடுக்க வைப்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் ஒரு படி மேலான சிப்பே கிடைக்கிற சமயங்கள் உண்டு.

சரி, வித்தியாசமே இல்லையா? இருக்கிறது, சூட்டிலும் சத்தத்திலும். சிப் சூடாக ஆக, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஹீட் சிங்க் சிறியதாக இருந்தால் ஃபேன் வேகமாகச் சுற்றி இரையும். 4060 இழுப்பது சுமார் 115 வாட்தான், அதற்கு நல்ல இரண்டு ஃபேன் போதும். 300 வாட்டைத் தாண்டும் கார்டுகளில்தான் பெரிய ஹீட் சிங்க்குக்கும், மெமரி சிப்களின் மேல் ஒழுங்காக வைத்த தெர்மல் பேடுக்கும் (சூட்டை ஹீட் சிங்க்குக்குக் கடத்தும் மெத்தென்ற பட்டை) கொடுக்கும் பணம் வீண்போகாது. இன்னொன்று: இரண்டு பிராண்டுகளுக்கு நடுவே உள்ளதைவிட, ஒரே பிராண்டின் மலிவு மாடலுக்கும் உயர்ந்த மாடலுக்கும் நடுவேதான் வித்தியாசம் அதிகம். அதனால் ரிவ்யூ தேடும்போது மாடலின் முழுப் பெயரையும் போட்டுத் தேடுங்கள்.

பிராண்டைவிட உண்மையில் ஏமாற்றுவது கார்டின் பெயர். என்விடியாவின் ஜிடி 1030 முதலில் ஜிடிடிஆர்5 என்ற வேகமான மெமரியோடு வந்தது. 2018இல் அதே பெயரில் மெதுவான டிடிஆர்4 மெமரி போட்டும் விட்டார்கள். மெமரி வேகம் நொடிக்கு 48 ஜிபியிலிருந்து 17 ஜிபிக்கும் கீழே போய்விட்டது. ஆர்டிஎக்ஸ் 3050 கதையும் அப்படித்தான்: 8 ஜிபி கார்டில் 2560 கோர், 6 ஜிபி கார்டில் 2304. மெமரி மட்டும்தான் குறைவு என்று நினைத்து வாங்குகிறவர்களே அதிகம். பில்லில் வெறும் '3050' என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எத்தனை ஜிபி, எந்த மாடல் என்று முழுதாக எழுதச் சொல்லுங்கள்.

பழைய கார்டு வாங்குவதானால், கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைக் கடைக்காரர் முன்னாலேயே ஓட்டிப் பாருங்கள். பழைய சிப் உள்ள கார்டின் பயாஸை (கார்டுக்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) மாற்றிப் புதிய பெயர் காட்டும் போலிகளில் பலவற்றை அது கண்டுபிடித்துச் சொல்லிவிடும்.

அப்புறம் வாரண்டி. பிராண்டு பார்க்கச் சொன்னால் நான் இதற்குத்தான் சொல்வேன். உங்கள் ஊரிலோ பக்கத்திலோ சர்வீஸ் சென்டர் உண்டா, வாரண்டியைப் பில் தேதியிலிருந்து கணக்கிடுகிறார்களா, சீரியல் நம்பரை வைத்தா, ஸ்க்ரூ மேல் உள்ள ஸ்டிக்கர் கிழிந்தால் என்ன சொல்கிறார்கள் என்று வாங்கும் முன்பே கேளுங்கள். பல வாரண்டிகளில் துருவும் அரிப்பும் சேராது. உப்புக் காற்று அடிக்கும் கடலோர ஊர்களில் இருப்பவர்கள் கார்டைப் பிரிக்காமல், அவ்வப்போது கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்துப் போர்டில் துரு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. ஜன்னலோரம் கேபினெட் வைக்கவே வைக்காதீர்கள்.