சாக்கெட்டில் பொருந்துகிறது என்பதற்காகப் பிராசஸரை வாங்கிவிடாதீர்கள்

மதர்போர்டு பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், வருபவர்களிடம் வாய்மொழியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். இந்த வாரமும், இன்டெலின் இசட்170 சிப்செட் (பிராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்) கொண்ட போர்டு ஒன்று மேசைக்கு வந்திருக்கிறது. மின்விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை, சாக்கெட்டில் ஒன்பதாம் தலைமுறை பிராசஸர் உட்கார்ந்திருக்கிறது. "இரண்டுமே 1151 தானே?" என்று கொண்டுவந்தவர் கேட்டார். ஏறத்தாழ எல்லோரும் கேட்பது இதைத்தான் என்பதால், இதற்கு மட்டும் சற்று விரிவாகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

1151 என்பது தொடுமுனைகளின் எண்ணிக்கை; அவை ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்பதை அந்த எண் சொல்வதில்லை. இசட்170 போர்டுக்கு உரிய, 2015-இல் வந்த ஸ்கைலேக் (ஆறாம் தலைமுறை) பிராசஸருக்கும் 2017 அக்டோபரில் வந்த காஃபி லேக் (எட்டாம் தலைமுறை; ஒன்பதாவதும் இதே குடும்பம்தான்) பிராசஸருக்கும் எண்ணிக்கை ஒன்றுதான் என்றாலும், பிராசஸரின் உட்கருக்களுக்கு (கோர்களுக்கு) மின்சாரம் கொண்டுசெல்லும் முனைகள் முன்னதில் 128 ஆகவும் பின்னதில் 146 ஆகவும் இருக்கின்றன. அதாவது, பழைய போர்டு வெறுமனே விட்டுவைத்த இடங்களில் சிலவற்றைப் புதிய பிராசஸர் மின்சாரத்துக்காகப் பயன்படுத்துகிறது. பூட்டில் நுழைகிற சாவியெல்லாம் அந்தப் பூட்டின் சாவி ஆகிவிடாது. அதற்கு முந்தைய 775 சாக்கெட்டிலும் இதே கதைதான்: பென்டியம் 4 முதல் கோர் 2 குவாட் வரை எல்லாம் அதில் அமர்ந்தன, ஆனால் எந்தப் போர்டில் எது இயங்கும் என்பதைச் சிப்செட்டும் மின்வழங்கும் பகுதியும், கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருளான பயாஸும்தான் தீர்மானித்தன.

ஆர்வலர்கள் சிலர் பயாஸைத் திருத்தி, சில முனைகளைக் காப்டன் டேப்பால் (மின்சாரம் கடத்தாத, வெப்பம் தாங்கும் ஒட்டுநாடா) மறைத்து, வேறு சிலவற்றை இணைத்து, இசட்170 போர்டில் எட்டாம், ஒன்பதாம் தலைமுறை பிராசஸர்களை இயக்கியிருப்பது உண்மைதான். முடியாது என்று நான் சொல்லவில்லை. அந்தக் காணொளிகளில் வருவது வெற்றி பெற்ற போர்டு. டேப் நழுவியதும், சாக்கெட்டின் முனைகள் வளைந்ததும் என் போன்றவர்களின் உருப்பெருக்கியின் கீழே வருகின்றன. தலைமுடி அளவு முனையை நிமிர்த்தும்போது அது ஒடிந்துவிட்டால், சாக்கெட்டையே மாற்ற வேண்டியதுதான்.

அடுத்தது மின்சாரம். கோர் ஐ9-9900கே-வின் அட்டைப்பெட்டியில் காணும் 95 வாட் என்பது 3.6 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகத்துக்கான கணக்கு. எல்லா உட்கருக்களும் முழு வேகத்தில் ஓடும்போது அது 150 வாட்டை எளிதில் தாண்டும். 1.2 வோல்ட்டில் 150 வாட் என்றால் 125 ஆம்பியர். நான்கு உட்கருக்களை மனத்தில் வைத்து, வெப்பத்தணிப்பான்கூடப் பொருத்தாமல் செய்யப்பட்ட எளிய போர்டிடம் அதைக் கேட்பது கொஞ்சம்கூட நியாயமில்லை. உடனே எரிந்துவிடும் என்பதில்லை. பெரும்பாலும் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய வேகம் கைக்கு வராது.

ஏஎம்டி நிறுவனப் பிராசஸர்களுக்கான ஏஎம்4 சாக்கெட் போர்டுகளில் நிலைமை வேறு. 300 வரிசைப் போர்டுகளுக்கு நீண்டகாலம் மறுக்கப்பட்ட ரைசன் 5000 பிராசஸர்களுக்கான ஆதரவை ஏஎம்டி 2022-இல் அனுமதித்தது, ஆனால் உங்கள் போர்டுக்கான பயாஸை அதன் தயாரிப்பாளர் வெளியிட்டிருக்க வேண்டும். பல போர்டுகளில் பயாஸ் சிப்பின் கொள்ளளவு 16 மெகாபைட் மட்டுமே என்பதால், புதிய பதிப்புகள் சிலவற்றில் பழைய பிராசஸர்களுக்கான ஆதரவு நீக்கப்பட்டிருக்கும். ஆகவே அந்தப் பயாஸ் பதிப்போடு வரும் குறிப்புகளை முழுவதும் படியுங்கள். பழைய பிராசஸர் சாக்கெட்டில் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பியுங்கள். புதியதை மாட்டிய பிறகு திரையே வராதபோது எதைப் புதுப்பிப்பீர்கள்?

திருத்திய பயாஸை ஏற்றியே தீருவேன் என்பவர்களுக்கு: முதலில் இப்போது பயாஸ் சிப்பில் இருப்பதைப் புரோகிராமர் (சிப்பைப் படித்து எழுதும் கருவி) கொண்டு படித்துச் சேமியுங்கள். இரண்டு முறை படித்து, இரண்டு கோப்புகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். போர்டின் மேக் முகவரியும் (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்) வரிசை எண்ணும் பெரும்பாலும் அந்தச் சிப்பில்தான் இருக்கின்றன. வேறொருவர் போர்டிலிருந்து எடுத்த கோப்பை அப்படியே ஏற்றினால் அவை போய்விடும். சிப் 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்று பார்க்காமல் அதில் புரோகிராமரின் கிளிப்பை மாட்டாதீர்கள். மலிவாகக் கிடைக்கும் கருப்பு நிற சிஎச்341ஏ புரோகிராமர்களில் பல, தரவு முனைகளில் 5 வோல்ட்டைத் தள்ளுகின்றன.

தயவுசெய்து, பிராசஸரைக் கழற்றுவதற்கு முன், விண்டோஸில் வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பாருங்கள். ஏஎம்டி கணினிகளில் பிராசஸர் மாறியதும், அந்தப் பூட்டின் திறவுகோலைக் காக்கும் டிபிஎம்மை அழித்துப் புதிதாகத் தொடங்கவா என்று தொடக்கத்திரையிலேயே கேட்கும்; பலர் படிக்காமல் ஒய் விசையை அழுத்திவிடுகிறார்கள். 48 இலக்க மீட்பு எண் கையில் இல்லையென்றால் அந்த வட்டில் இருப்பதை என்னாலும் எடுத்துத் தர முடியாது.

பழைய பிராசஸரை உடனே விற்றுவிடாதீர்கள். போர்டு இயங்காமல் போய் யாரிடமாவது எடுத்துச் சென்றால், அந்தப் பழைய பிராசஸரையும் எந்தக் கோப்பை ஏற்றினீர்களோ அந்தக் கோப்பையும் சேர்த்தே கொடுங்கள். "நான் ஒன்றுமே செய்யவில்லை" என்று சொல்பவர்கள் கொண்டுவரும் போர்டில்தான் பசை படிந்த டேப் துண்டைக் கண்டுபிடிக்க அரைநாள் வீணாகிறது.