அமெரிக்கச் சொத்துப் பறிமுதல் திட்டம்: கோப்பைத் தயாரிப்பவர் யார், முடிவெடுப்பவர் யார்?

அமெரிக்காவில் கூட்டாட்சி அதிகாரிகள் ஒருவருடைய பணத்தையோ காரையோ கைப்பற்றினால், அடுத்த சில வாரங்களில் அவருடைய முகவரிக்கு ஓர் அறிவிக்கை வரும். எந்தப் பொருள், எந்த நாளில், எந்தச் சட்டத்தின்படி கைப்பற்றப்பட்டது, எந்தத் தேதிக்குள் உரிமை கோர வேண்டும் என்பவை அதில் இருக்கும். அறிவிக்கை அரசின் பெயரில்தான் வருகிறது. ஆனால் அதற்கான விவரங்களைத் திரட்டுவது, முகவரியைச் சரிபார்ப்பது, கடிதத்தைத் தயாரிப்பது, கணினியில் பதிவது ஆகிய வேலைகளைப் பல அலுவலகங்களில் செய்பவர்கள் அரசு ஊழியர்கள் அல்லர். அரசு ஒப்பந்தம் போட்டு அமர்த்திய தனியார் நிறுவனத்தின் ஊழியர்கள். இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது, அதன் எல்லை எது என்பது பொருளை இழந்து நிற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1984ஆம் ஆண்டின் குற்றத்தடுப்புச் சட்டம் அமெரிக்க நீதி அமைச்சகத்தில் சொத்துப் பறிமுதல் நிதியம் ஒன்றை ஏற்படுத்தியது. கைப்பற்றிய பொருள் நிரந்தரமாக அரசுக்கே சொந்தமாவதுதான் பறிமுதல். குற்றத்தோடு தொடர்புடையவை என்று பறிமுதலாகும் பணமும், பறிமுதலான பொருட்களை விற்று வரும் தொகையும் இதில் சேர்கின்றன. கருவூலத் துறைக்கு 1992இல் தனி நிதியம் உருவானது. அதன் கதை வேறு. நீதி அமைச்சகத் திட்டத்தில் எஃப்.பி.ஐ., போதைப்பொருள் தடுப்பு முகமையான டி.இ.ஏ., துப்பாக்கி மற்றும் வெடிபொருள் முகமையான ஏ.டி.எஃப்., அஞ்சல் துறையின் ஆய்வுப் பிரிவு எனப் பலரும் பொருட்களைக் கைப்பற்றுகிறார்கள். கைப்பற்றியவற்றைப் பாதுகாத்து, பராமரித்து, விற்பது கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கான காவல் அமைப்பாகிய மார்ஷல்ஸ் சேவையின் பொறுப்பு. வழக்கு நடத்துவது ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள கூட்டாட்சி அரசு வழக்கறிஞர் அலுவலகம். ஒரே பொருளின் கோப்பு இத்தனை கைகள் மாறிப் போவதால் எல்லோரும் ஒரே பதிவைப் பார்க்கும்படி ஒருங்கிணைந்த கணினிப் பதிவு முறை ஒன்று இருக்கிறது. அதை நாள்தோறும் நிரப்புவதற்கே பெரிய ஆள்பலம் வேண்டும்.

இங்கேதான் நிர்வாக உதவிப் பணி ஒப்பந்தம் நுழைகிறது. கார்களை நிறுத்தி வைக்கவும் வீடுகளைப் பராமரித்து விற்கவும் போடப்படும் ஒப்பந்தங்கள் தனி. இது காகித வேலைக்கான ஒப்பந்தம். கோப்புகளை ஒழுங்குபடுத்துவோர், தரவுகளைப் பதிவோர், வழக்கறிஞர்களுக்கு உதவும் சட்ட உதவியாளர்கள், வங்கிக் கணக்குகளை அலசும் நிதி ஆய்வாளர்கள், சொத்தின் மீது வேறு யாருக்கும் கடன் உரிமை உண்டா என்று தேடுவோர் ஆகியோரை ஒப்பந்த நிறுவனம் அனுப்புகிறது. பின்புலச் சோதனையில் தேறிய பிறகு அவர்கள் அரசு அலுவலகத்துக்குள்ளேயே, அரசு ஊழியர்களுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள்.

சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பது முக்கியமான கேள்வி. கைப்பற்றுதல், பாதுகாத்தல், விளம்பரம் செய்தல், விற்றல் ஆகியவற்றுக்கான செலவை நிதியத்திலிருந்தே எடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. ஒப்பந்தப் பணிகளுக்கான கட்டணத்தையும் பெயர் சொல்லியே அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதாவது, பறிமுதலான பணமே பறிமுதல் வேலையைச் செய்பவர்களுக்கு ஊதியமாகப் போக முடியும். இதில் சட்டமீறல் இல்லை. ஆனாலும் இத்தகைய நிதியத்தைத் தொட்டு நடக்கும் வேலையில் யாருடைய வருமானமும் பறிமுதலான தொகையோடு ஏறி இறங்கக் கூடாது என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். வேலை செய்த மணிநேரத்துக்கு, முன்பே பேசிய விகிதத்தில் கொடுப்பதுதான் இந்த வகைப் பணிக்குப் பொருந்தும். அந்த முறையிலும், வீணாகும் மணிநேரங்களுக்குக் கட்டணம் போகாதபடி அரசு கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒப்பந்தம் போடும் வழிமுறை மற்ற கூட்டாட்சிக் கொள்முதல்களைப் போன்றதுதான். அழைப்பு பொதுவில் வெளியாகும். நிறுவனங்கள் திட்டமும் விலையும் தரும். தகுதி, முன் அனுபவம், விலை மூன்றையும் எடைபோட்டுத் தேர்வு நடக்கும். வழக்கமாக ஓர் அடிப்படை ஆண்டும், அரசு விரும்பினால் நீட்டிக்கும் ஆண்டுகளும் இருக்கும். தேர்வில் குறை இருப்பதாக நினைக்கும் போட்டி நிறுவனம், அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பாகிய அரசுப் பொறுப்புடைமை அலுவலகத்தில் ஆட்சேபணை தெரிவிக்கலாம்; அங்கே 100 நாட்களுக்குள் தீர்ப்பு வந்துவிடும். அந்த ஊழியர்களுக்கான குறைந்தபட்ச ஊதியத்தை 1965ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தச் சட்டத்தின்படி தொழிலாளர் துறை வகுக்கிறது.

இனி எல்லைக் கோடு. பொதுநலனோடு மிக நெருங்கிப் பிணைந்த, அரசு ஊழியரே செய்தாக வேண்டிய பணியை ஒப்பந்தத்தில் விடக் கூடாது என்பது கூட்டாட்சிக் கொள்முதலின் அடிப்படை விதி. குற்றப் புலனாய்வை நடத்துவது, வழக்குத் தொடர்வதைக் கட்டுப்படுத்துவது, தீர்ப்பு போன்ற முடிவு எடுப்பது ஆகியவை அந்த வகையைச் சேர்ந்தவை. ஆகவே பொருளை இழந்தவர் அனுப்பும் மனுவின் சுருக்கத்தை ஒப்பந்த ஊழியர் எழுதலாம். மனுவை ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்ய முடியாது. பறிமுதல் ஆணையின் வரைவைத் தட்டச்சு செய்யலாம். கையெழுத்து அரசு அதிகாரியுடையதாக இருக்க வேண்டும். ஏட்டில் இது தெளிவு. நடைமுறையில் ஒரு நாளைக்கு ஐம்பது கோப்புகள் வந்து குவியும் மேசையில், சுருக்கம் எழுதியவரின் பரிந்துரையே முடிவாகிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. கையெழுத்திடும் அதிகாரி மூலக் கோப்பைப் படிக்கிறாரா என்பதைப் பொறுத்தே இந்த விதிக்கு உயிர் இருக்கும்.

இன்னொரு விதியையும் சொல்ல வேண்டும். தொலைபேசியில் பேசும்போதும் கூட்டங்களில் இருக்கும்போதும், எதிரில் இருப்பவருக்குத் தெளிவாகத் தெரியாத இடத்தில் தான் அரசு ஊழியர் அல்ல என்று ஒப்பந்த ஊழியரே சொல்லிவிட வேண்டும். சட்டப்படி அவர்களுக்கு அன்றாடக் கட்டளை இடுவது அவர்களுடைய நிறுவனத்தின் மேலாளர்தான். அரசு அதிகாரி தன் ஊழியரைப் போல அவர்களை நடத்தினால் அது வேறு விதியை மீறும்.

இந்தக் காகித வேலை ஏன் இவ்வளவு கனமானது? பெரும்பாலான சிறிய பறிமுதல்கள் நீதிமன்றத்துக்கே போவதில்லை. யாரும் உரிமை கோராவிட்டால் கைப்பற்றிய முகமையே பறிமுதல் செய்துவிடலாம். ரொக்கத்துக்கு இதில் உச்சவரம்பு இல்லை. மற்ற பெரும்பாலான பொருட்களுக்கு 5 லட்சம் டாலர் வரம்பு உண்டு. வீடு, நிலம் போன்றவற்றை இப்படி எடுக்கவே முடியாது. நீதிபதி பார்க்காத இந்த வழியில் உரிமையாளருக்கு இருக்கும் பெரிய பாதுகாப்பு அறிவிக்கைதான். 2000ஆம் ஆண்டின் பறிமுதல் சீர்திருத்தச் சட்டப்படி பொதுவாகக் கைப்பற்றிய 60 நாட்களுக்குள் அதை அனுப்ப வேண்டும். மாநில அல்லது உள்ளூர்க் காவல்துறை கைப்பற்றிக் கூட்டாட்சியிடம் ஒப்படைத்ததென்றால் 90 நாட்கள். உரிமை கோருவதற்கு, கடிதத்தை அஞ்சலில் அனுப்பிய நாளிலிருந்து குறைந்தது 35 நாட்கள் தர வேண்டும். ஒரு கதவு எண் தவறாகப் பதிவானால் இந்த 35 நாட்களும் உரிமையாளருக்குத் தெரியாமலே ஓடிவிடும்.

அறிவிக்கை கையில் கிடைக்கவில்லை என்பது மட்டும் அவரைக் காப்பாற்றாது. டூசன்பெரி வழக்கில் எஃப்.பி.ஐ. ரொக்கப் பறிமுதல் அறிவிக்கையைச் சிறையில் இருந்தவருக்குப் பதிவஞ்சலில் அனுப்பியது. அது தன்னிடம் வந்து சேரவில்லை என்றார் அவர். உண்மையில் கிடைத்ததா என்பதைவிட, கிடைக்கும்படி நியாயமான முயற்சி எடுத்தார்களா என்பதே அளவுகோல் என்று 2002இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அரசின் முயற்சி நியாயமற்றது என்று காட்டி, அறிவிக்கை கடைசியாக வெளியான நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் பறிமுதலை ரத்து செய்யக் கோரலாம். ஆனால் பொருள் கைப்பற்றப்பட்டதே உரிய நேரத்தில் தனக்குத் தெரியாது, தெரிந்திருக்க வாய்ப்பும் இல்லை என்பதையும் நிறுவ வேண்டும். முகவரியைத் தேடியவர் எந்தெந்தப் பதிவேடுகளைப் பார்த்தார் என்பது அப்போது வழக்கின் மையத்துக்கு வந்துவிடுகிறது. ஒப்பந்த ஊழியர்களுக்கான பயிற்சியிலும் ஊதியத்திலும் அரசு கைச்சுருக்கம் காட்டக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

பொருளை இழந்தவர் செய்யக்கூடியவை சில. அறிவிக்கையோடு அதன் உறையையும் வைத்துக்கொள்ள வேண்டும். அஞ்சல் முத்திரைத் தேதி பின்னால் உதவும். உரிமைக் கோரிக்கைக்குத் தனிப் படிவம் கட்டாயமில்லை: எந்தப் பொருள், அதில் தனக்கு என்ன உரிமை என்று எழுதி, பொய் சொன்னால் தண்டனை உண்டு என்பதை ஏற்று உறுதிமொழியுடன் கையெழுத்திட்டால் போதும். பிணைத்தொகை கட்ட வேண்டியதில்லை. கோரிக்கை சேர்ந்த பிறகு 90 நாட்களுக்குள் அரசு வழக்குத் தொடர வேண்டும், அல்லது நீதிமன்றத்திடம் கூடுதல் அவகாசம் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் பொருளைத் திருப்பித் தர வேண்டும். நிவாரண மனு என்பது வேறு. அது பறிமுதல் செல்லாது என்று வாதாடாமல், பொருளைச் சலுகையாக விட்டுத்தரும்படி அரசிடம் கேட்பது. அதை மட்டும் அனுப்பினால் வழக்கு நீதிபதியிடம் போகாது.

அலுவலகத்துக்குப் பேசும்போது எதிர்முனையில் இருப்பவரின் பெயரையும், அவர் அரசு ஊழியரா ஒப்பந்த ஊழியரா என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். அவர் வாய்மொழியாகச் சொல்லும் அவகாசத்தை நம்பிக் காத்திருக்கக் கூடாது. கடைசித் தேதி அறிவிக்கையில் அச்சாகியிருப்பதுதான். அந்தத் தேதிக்குள் கோரிக்கையை அஞ்சலில் சேர்த்தால் போதாது. அறிவிக்கையில் குறிப்பிட்ட அதிகாரியிடம் அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.